திக்கி ஓடிய எமுலேட்டர்

பக்கவாதத்துக்குப் பிறகு செல்வினின் கட்டைவிரல் எப்போதும் ஒரு கணம் பிந்தியே அசைந்தது. சிறுவயதில் அவன் விடாமல் ஆடிய வீடியோ கேமை ஓட்டுவதற்காகத் தங்கை ஜெனிட்டா, பழைய கேம்களை இன்றைய கருவிகளில் ஓட்டும் எமுலேட்டர் செயலிகளைத் தேடித் தேடி இறக்கினாள். லேப்டாப், டிவி, புதுப் போன் எல்லாவற்றிலும் ஆட்டம் அன்றைய வேகத்திலேயே ஓடியது. செல்வின் பொத்தானை அழுத்துவதற்குள் ஆட்டத்தின் குட்டி மனிதன் முதல் பள்ளத்திலேயே விழுந்து செத்தான்.

கடைசியாக, கீறல் விழுந்த பழைய போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பாட்டு இழுத்தது, படம் திக்கித் திக்கி நகர்ந்தது.

"இது ரொம்ப மோசம்ண்ணே. அழிச்சிரட்டா?"

செல்வின் நிமிரவில்லை. விரல் பிந்தித்தான் அழுத்தியது. குட்டி மனிதன் அப்போதும் பள்ளத்தின் விளிம்பில்தான் நின்றிருந்தான். பிறகு மெல்ல எழும்பி அக்கரையில் இறங்கினான்.

"வேண்டாம்ட்டி," என்றான் செல்வின். கோணிய வாய் சிரித்தது. "எனக்காவ நின்னு வாரான், பாரு."