இரண்டு மங்கு கஞ்சி

மலாயாவில் லிங்கி ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் மதியம் மரவள்ளிக் கஞ்சி கொடுப்பார்கள். கப்பலேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கு வந்ததே அதற்காகத்தான்.

சிறுமி பஞ்சாலை இரண்டு தகர மங்குகளை நீட்டினாள்.

"தம்பிக்கு இன்னும் காய்ச்சலா?" என்றார் நல்லசாமி வாத்தியார். அகப்பை பிடித்த கையில் துணி சுற்றியிருந்தார்.

"ஆமாங்கய்யா."

மேற்பார்வைக்கு நின்ற மண்டோர் குறுக்கிட்டார். "வாத்தியாரே, வராத பிள்ளைக்குக் கஞ்சி கிடையாதுலா."

"நாளைக்கு வந்துருவான். நான் பொறுப்பு."

வாத்தியார் இரண்டையும் நிரப்பினார். மண்டோர் நகர்ந்ததும் பஞ்சாலை அழுதுவிட்டாள்.

"பொய் சொல்லிட்டேங்கய்யா. தம்பி செத்துட்டான். யாருக்கும் தெரியாம அப்பா விடியறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாரு. அம்மா பட்டினியா கிடக்கு. இது அம்மாவுக்கு."

"தெரியும்மா."

"எப்படிங்கய்யா?"

வாத்தியார் கையிலிருந்த துணியைப் பிரித்தார். உள்ளங்கை முழுவதும் கொப்புளம்.

"மண்வெட்டி கேட்டு உங்கப்பா என்கிட்டதான் வந்தாரு. அதைத் தூக்கக்கூட அவருக்குத் தெம்பில்ல. குழியை நான்தான் வெட்டினேன்."

துணியை மறுபடி சுற்றிக்கொண்டார்.

"கஞ்சி ஆறிடும், போ. நாளைக்கும் ரெண்டு மங்கு கொண்டுட்டு வா."