பரணுக்கு ஒரு ஏணி

"பரண்ல கனமாப் பஞ்சு பரப்பியாச்சு. இனி வீட்டுச் சூடு கூரை வழியா ஓடாது. மேலே பலகை, இறங்க மடக்கு ஏணி!" உற்சாகமாக விளக்கினான் பரண் வேலைக்கு வந்த காலின். "நேத்து பக்கத்து வீட்டு நார்மனுக்கும் இதே வேலைதான் செஞ்சு கொடுத்தேன். ஆனா இந்த லீட்ஸ் ஊர்ல ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடுகள்ல, உங்க பரணுக்கும் அவர் பரணுக்கும் நடுவுல சுவரே இல்லை. அடைச்சிடவா, பெரில் அம்மா?"

"வேண்டாம்ப்பா. கிறிஸ்துமஸ் சாமான் வைக்கத்தானே!" தனியாக வாழும் பெரில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "உன் வேன் வந்ததுலேருந்து எதிர்வீட்டு மேவிஸோட திரை ஆடிக்கிட்டே இருக்கு. என் வாசல்ல ஒரு ஆம்பிளை நின்னாப் போதும், தெருவுக்கே சொல்லி மானத்தை வாங்கிடுவா."

காலின் சிரித்தபடி கருவிகளை எடுத்து வைத்தான். அப்போது புது ஏணியில், வீட்டுக்குள் போடும் செருப்போடு இரண்டு கால்கள் இறங்கி வந்தன. பிஸ்கட் டப்பாவோடு நார்மன்!

"வாசப்பக்கமே வரலை, பெரில். டீ போட்டாச்சா?"