பாலத்தை மறித்த வண்டி

“இந்தக் காலத்துப் பசங்களுக்குச் செத்தாலும் புத்தி வராது,” என்றார் வண்டிக்காரர், குதிரைக்குக் கடிவாளம் மாட்டிக்கொண்டே.

“யாருப்பா செத்தது?” படைவீரர்களுக்கான நீலச் சட்டையின் பித்தளைப் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டிருந்த மகன் சிரித்தான்.

“நீதான். நேத்து மத்தியானம். அந்தப் பாலத்து மேல.”

“நேத்து நாம இங்க வந்து சேரவே இல்லையே! காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டியா?”

வண்டிக்காரர் கடிவாள வாரை இறுக்கினார். படைக்கு வெடிமருந்து இழுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். படிப்பு கிடையாது. கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் நம்புகிற வழக்கமும் கிடையாது. இப்போது அந்தக் கண்ணையே நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நேற்று எதிரியின் குதிரைப்படை பாலத்துக்குள் புகுந்ததையும் மகன் விழுந்ததையும் பார்த்தார். அவன் தலை அவர் மடியில் கனத்துக்கொண்டே போனது. அழுதபடி கண்ணை மூடித் திறந்தால், மறுபடி இதே விடியல். இதே தூறல். பொத்தான் துடைத்தபடி இவன்.

“காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கடா. இன்னிக்கு ஒரு நாள்.”

“தளபதி நெத்தியைத் தொட்டுப் பார்ப்பாரு. அப்புறம் காய்ச்சல் உனக்குத்தான் வரும்.”

“சிரிக்காத. இப்போ ஒருத்தன் குதிரையில வருவான் பாரு. இடது கால்ல மட்டும் சேறு. தெற்குப் படை வந்து சேர்ற வரைக்கும் பாலத்தை விடக்கூடாதும்பான். சொல்லிட்டுத் தும்முவான்.”

தூதன் வந்தான். இடது பூட்ஸில் மட்டும் சேறு. “சக்கரவர்த்தி உத்தரவு! தெற்குப் படை வந்து சேர்ற வரைக்கும் பாலம் நம்ம கையில இருக்கணும்!” என்று தளபதியிடம் கூவிவிட்டுத் தும்மினான்.

மகன் கையிலிருந்த துணி நின்றது. “அவன்கிட்ட முன்னாடியே பேசி வச்சிருந்தியா?”

“ஆமாண்டா. தும்மலுக்கும் சேர்த்துச் சொல்லி வச்சேன்.”

“பயமுறுத்தாதப்பா. சக்கரவர்த்தியே சொல்லிட்டாரு. போகாம இருக்க முடியுமா?”

“அந்த ஆளை நீ பார்த்திருக்கியா? நம்ம கூட்டத்துல எவனாவது பார்த்திருக்கானா? எங்கேயோ உட்கார்ந்துகிட்டு ஒருத்தன் போங்கடாங்கிறான், இவனுங்களும் போய் விழறானுங்க. உங்கம்மா கேட்டா நான் என்னடா பதில் சொல்றது?”

முரசு அதிர்ந்தது. மகன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடிவிட்டான்.

அதற்கு மேல் வண்டிக்காரர் யோசிக்கவில்லை. வரிசை நகர்வதற்குள் வண்டியைப் பாலத்தின் வாய்வரை விரட்டினார். குதிரையை அவிழ்த்துவிட்டார். தோள் கொடுத்து ஒரே தள்ளு. வண்டி குறுக்கே கவிழ்ந்தது. பீப்பாய்கள் உடைந்து, கரிய வெடிமருந்து பாதையெங்கும் கொட்டியது. அதில் கால் வைக்க ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

“கிழவா! பைத்தியமா உனக்கு?” தளபதி எச்சில் தெறிக்கக் கத்தினார்.

“வண்டி சாய்ஞ்சிடுச்சுங்க ஐயா. வயசாயிடுச்சு பாருங்க, கை நிக்கல.”

பாதையைச் சுத்தம் செய்வதற்குள் எதிரி அக்கரையிலிருந்து பாலத்தைப் பிடித்துவிட்டான். பாலம் போனது. சாயங்காலம் படை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்வாங்கியது. மகன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

“தோத்துட்டோம்ப்பா. உன்னால. இனி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்?”

“திட்டுடா. வாய் வலிக்கத் திட்டு. திட்டறதுக்கு வாய் இருக்குல்ல, அது போதும் எனக்கு.”

மகன் வாயைத் திறந்தான். திறந்த வாய் மூடவில்லை.

தூறல் ஓயவில்லை, ஆனால் துளிகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. தளபதியின் குதிரை ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. சத்தம் என்று ஒன்றுமே இல்லை. வண்டிக்காரர் மகனைப் பிடித்து உலுக்கினார். உடம்பு சுட்டது. ஆனால் இமைகூட அசையவில்லை.

அப்போது வானத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“நெப்போலியன் கூடச் சேர்ந்து நாடு பிடிச்சது போதும். சாப்பாடு ஆறுது, அந்தக் கம்ப்யூட்டரை அணைச்சிட்டு வாங்க.”

“இரு, வர்றேன். தெற்குப் படை வர்றதுக்குள்ள பாலத்தை விட்டுட்டேன். மறுபடி காலையில இருந்து ஆடறேன். ஜெயிச்சதும் மொத்த ஆட்டத்தையும் அழிச்சிடறேன்,” என்றது ஓர் ஆண் குரல்.

வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார். ஆளைக் காணோம். “மூஞ்சியைக் காட்டாதவன் பேச்சை எவன் நம்புவான்!” என்று காறித் துப்பிவிட்டு, விறைத்து நின்ற மகனைக் குழந்தைபோல முதுகில் தூக்கிக்கொண்டு, நின்றுபோன மழைக்குள் நடக்க ஆரம்பித்தார்.