வெள்ளி நிற்கும் இடம்

மருதனார்மடம் சந்தைக்கு முன்னால் உள்ள வெல்டிங் கடை வாசலில் காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கிறது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கிறது. இனி நூற்றைந்து வருடம் கழித்துத்தான் இப்படி வருமாம். கடைக்காரர் கேதீஸ்வரன் சூரியனைப் பார்க்கத் தன் வெல்டிங் கறுப்புக் கண்ணாடியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து வாங்குகிறார். கத்தரிக்காய் நிறைந்த ஓலைக் கடகத்தோடு நிற்கும் குணலட்சுமி, பார்த்த கையோடு மகள் உதயகலாவை முன்னால் தள்ளுகிறாள். “வெள்ளி மறைஞ்சு போச்சு, நல்ல காரியம் கூடாதெண்டுதானே ஐயர் உன்ரை கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளினவர்? இந்தா, இஞ்சை நிக்குது, பார்.”

அந்த வெள்ளியை நாலு கேள்வி கேட்கும் கோபத்தோடுதான் உதயகலா கண்ணாடியை முகத்தில் வைக்கிறாள். சந்தை இரைச்சல் எங்கோ போய்விடுகிறது. பச்சை இருட்டில் சூரியன், கண் கூசாமல், உருண்டையான ஒரு பச்சைத் தேசிக்காய் போல மிதக்கிறது. அதன்மேல் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு. போன மாதம் வரை பின்னேரங்களில் மேற்கே மினுங்கிய அதே வெள்ளி, அசைவதே தெரியாமல், அந்தப் பெரிய நெருப்பின் முன்னால் தன்பாட்டில் போகிறது. அவள் கண்ணாடியை இறக்கவே இல்லை. “பாத்தது காணும் பிள்ளை, ஆக்கள் நிக்கினம்” என்று கேதீஸ்வரன் கை நீட்டுகிறார். கண்ணாடியைக் கொடுத்தவள் நேரே வரிசையின் கடைசிக்கு நடக்கிறாள். “எங்கையடி போறாய்?” என்கிறாள் தாய். “திரும்பப் பாக்க. அது ஆறுதலாய்ப் போகட்டும் அம்மா. ஆவணி வரைக்கும் என்னாலை பொறுக்க ஏலும்.”