குறை சொல்லும் மாமனார்

"பானட் சுடுது. நாங்க வர்றதுக்கு முன்னாடியே எஞ்சினைச் சூடு பண்ணி வெச்சிருக்கீங்க," என்றார் மெக்கானிக், உள்ளங்கையை எடுக்காமலே. "ஆறின எஞ்சினை எழுப்பினாத்தான் அதோட உண்மையான சத்தம் வெளியில வரும். அது எங்க காதுல விழக் கூடாதுன்னுதானே?"

வண்டியை விற்கும் சொந்தக்காரி ஒரு பல் மருத்துவர். பிறருடைய பதற்றத்தைப் பொறுத்துப் பழகியவர். "பையனை ஸ்கூல்ல விட்டுட்டு இப்பத்தான் வந்தேன் சார். ஆறட்டும், இருந்து பாருங்க. எனக்கு அவசரமில்ல."

இருந்து பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆறிய எஞ்சின், முதல் திருகலிலேயே எழுந்தது. கடகடப்பு இல்லை, புகைக்குழாயிலிருந்து நீலமாகவோ வெள்ளையாகவோ எதுவும் வரவில்லை.

மருமகனின் முகம் மலர்ந்தது. உருவத்தில் சிறியதும் வேகத்தில் பெரியதுமான இந்த டர்போ ஹேட்ச்பேக் மீது அவனுக்கு நான்கு ஆண்டு ஆசை. மெக்கானிக்கான மாமனார் சரிசெய்ய முடியாத ஒரே ஒரு குறையைக் காட்டினாலும் விட்டுவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

வந்து இறங்கியபோது மெக்கானிக் இப்படி இல்லை. மகளின் தோளில் தூங்கிய பேத்தியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, வழக்கம்போல் வண்டியின் பின்பக்கத்திலிருந்து தொடங்கினார். பின்சீட்டைத் தூக்கி, தரைவிரிப்புக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"என்னப்பா இருக்கு?" என்றாள் மகள்.

"தூசி," என்றார். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

இப்போது குனிந்து முன்சக்கரத்தைக் காட்டினார். "டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. சக்கரம் நேரா நிக்கல."

"நாலு டயரும் புதுசு போட்டு, அலைன்மெண்ட்டும் பாத்தே தர்றேன் சார்," என்றார் மருத்துவர்.

"ரெண்டாவது கியர் உரசும். இந்த வண்டியை எவனும் பொறுமையா ஓட்டியிருக்க மாட்டான். கிளட்ச்சும் வழுக்கும்."

மருமகன் ஒரு சுற்றுப் போய்வந்தான். "கியர் தொட்டா விழுது மாமா. மேட்டுல நாலாவது கியர்ல வெச்சு அழுத்திப் பாத்தேன், கிளட்ச் பிடியை விடல."

"அப்ப எஞ்சின்ல ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, கூலன்ட்டும் ஆயிலும் கலக்கும்." இதைச் சொல்லும்போது அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை.

மகள் பார்த்தாள். "கூலன்ட் சுத்தமா இருக்கு. ஆயில் மூடியில வெள்ளையா ஒண்ணும் ஒட்டல. நானும் உங்க பட்டறையிலதாம்ப்பா வளந்தேன். என்ன ஆச்சு உங்களுக்கு?"

மருத்துவர் கைப்பேசியை எடுத்தார். "சார் ஏதோ மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் நம்பர் என்கிட்ட இருக்கு. என்ன வேலை பாத்தார், யார்கிட்ட பாத்தார்னு அவரையே கேட்டுருவோமா?"

"வேண்டாம்!"

மெக்கானிக்கின் அந்தக் குரலில் பேத்தி விழித்துக்கொண்டாள்.

மருமகன் மாமனாரைத் தனியே அழைத்துப்போனான். இருந்தாலும் அவன் பேசியது எல்லோருக்கும் கேட்டது. "மாமா, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குப் பிடிக்காதது வண்டியா, நானா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கும் என்னை இப்படித்தான் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்க."

"அன்னிக்கு ஒண்ணும் கெடைக்கல மாப்ள."

"இன்னிக்கும் கெடைக்கலைன்னு ஒத்துக்குங்களேன்!" என்று மகள் தூரத்திலிருந்தே சிரித்தாள்.

மெக்கானிக் சுத்தமான கைகளைத் துணியில் மறுபடி துடைத்தார். "என் பேச்சை நம்பி விட்டுருங்க மாப்ள. காரணம் கேக்காதீங்க."

"கேக்காம எப்படி? வாயால சொல்றது குறை இல்ல, கையால தொட்டுக் காட்டணும்னு எல்லார்கிட்டயும் சொல்றது நீங்கதானே? தொட்டுக் காட்டுங்க, இப்பவே திரும்பிப் போயிடலாம்."

மெக்கானிக் கையைப் பார்த்துக்கொண்டார். அது எதையும் தொட்டுக் காட்டவில்லை.

மருமகன் வண்டியருகே போனான். மருத்துவர் சாவியை நீட்டினார், வாங்கிக்கொண்டான்.

"கடைசியா எல்லாரும் சேந்து ஒரு சுத்து. ஹைவேல எப்படிப் பறக்குதுன்னு பாருங்க!"

"பறக்குறதெல்லாம் நீங்க முன்னாடி தனியா வெச்சுக்குங்க," என்று மகள் குழந்தையோடு பின்சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "நாங்க ரெண்டு பேரும் பின்னாடி. அதுதான் பத்திரம்."

மருமகன் பின்கதவைச் சாத்தப் போனான். முடியவில்லை, இடுக்கில் மாமனாரின் கை இருந்தது.

"எடுங்க மாமா, நசுங்கிடும்."

அவர் எடுக்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

"எறங்கிடும்மா... இது அடிபட்ட ரெண்டு வண்டியில பாதிப் பாதி. வெட்டி ஒட்டினவன் நான்தான்."