தரகருக்குத் தெம்பு வந்தது

"மொதல்ல நீ குடி" என்றார் சுப்பராயலு. காய்ச்சலில் உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் கஞ்சிக் கலயத்தைக் கையால் தள்ளினார்.

ராகேல் கலயத்தைத் தூக்கி இரண்டு மடக்கு குடித்துக் காட்டிவிட்டு, மறுபடியும் அவர் வாயருகே நீட்டினாள்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பழவேற்காட்டில் ஒலாந்தாக்காரர்களான டச்சு வெள்ளையரின் அடிமைக் கப்பலுக்கு ஆள் பிடித்து விற்கும் தரகர் அவர். பஞ்சத்தின்போது, ஏரியில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த இவள் புருஷன் துளசிங்கத்தை அவருடைய ஆட்கள்தான் கட்டித் தூக்கிப் போனார்கள். இவள் அவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியதையும், ஆள் விட்டு இவளை விரட்டியடித்ததையும் அவர் மறக்கவில்லை.

இப்போது அவர் கிடந்தது இவள் குடிசையில். சுண்ணாம்புக்குளத்திலிருந்து படகில் திரும்பும்போது விஷக்காய்ச்சல் கண்டது. தங்களுக்கும் தொற்றிவிடுமென்று பயந்த அவருடைய ஆட்களே அவரைச் சேற்றுக் கரையில் உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் இறால் தடவிப் பிடிக்க வந்த ராகேல்தான் பார்த்து இழுத்து வந்தாள்.

"ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"நீங்க செத்துட்டீங்கனு உங்க ஆளுங்க சொல்லிட்டாங்க. கருமாதி கூட ஆயிடுச்சாம்."

சுப்பராயலு பல்லைக் கடித்தார். "எழுந்து நிக்கிறேன், இரு. அந்தப் படகுக்காரனுங்க ஒவ்வொருத்தன் தோலையும் உரிக்கிறேன்."

"அதுக்கு ஒடம்பு தேறணுமில்ல? குடிங்க" என்றாள் ராகேல்.

அவள் பார்த்துக்கொண்டதுபோல் அவருடைய பெண்டாட்டிகூடப் பார்த்திருக்க மாட்டாள். சீழ் பிடித்திருந்த காலை வேப்பிலைத் தண்ணீரில் கழுவி மஞ்சள் பற்றுப் போட்டாள். சிக்குப் பிடித்த தலையை மழித்துவிட்டாள். இறால் சாறு காய்ச்சி ஊட்டினாள். காய்ச்சல் ஏறி, தான் விற்றவர்களின் முகங்கள் கண்ணெதிரே வந்து அவர் அலறும்போதெல்லாம், நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொன்னாள்.

காய்ச்சல் இறங்கிய அன்று அவருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம் செய்யுற?"

"சரீரம், மனசு, ஆத்துமா மூணுமே கர்த்தர் குடுத்தது, ஒண்ணையும் கெடவுடக் கூடாதுனு எங்க உபதேசியார் சொல்வாரு. ஒடம்பு தேறிடுச்சு. மனசுல இருக்கிறதையும் கொட்டிடுங்க தரகரே."

அவர் கொட்டினார். யாரை எங்கே பிடித்தது, எந்தத் தாயிடமிருந்து எந்தப் பிள்ளையைப் பிரித்தது, எல்லாவற்றையும் சொன்னார். ராகேல் இறாலை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரரை எப்படிக் குடுத்தீங்க?"

சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரையும் போலத்தான். கரையில வெள்ளைக்காரனுக்கு ஆள் வாங்குற துபாஷி நிப்பாரு. யாரு எவருன்னு கேக்க மாட்டாரு. நடக்கத் தெம்பு இருக்கானு பாப்பாரு, அவ்ளோதான். நோஞ்சானா இருந்தா வேணாம்பாரு."

அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. அன்று அவர் தட்டில் இன்னும் இரண்டு மீனை எடுத்து வைத்தாள்.

சுப்பராயலு உடைந்து அழுதார். "என்னை மன்னிப்பியா ராகேலு?"

"அது கர்த்தர் பாடு. நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

அவரும் செய்தார். அவள் சொல்லச் சொல்ல வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார். கண்ணை மூடினால் வந்து நின்ற முகங்கள் வராமல் போயின. நன்றாகப் பசித்தது. காலையில் ஏரிக்கரையோரம் நடந்து வந்தார், விறகு பிளந்து போட்டார்.

"படகுக்காரனுங்க மேல இருந்த பகை கூடப் போயிடுச்சு. இனிமே அந்தத் தொழிலும் வேணாம்" என்றார் ஒருநாள். "உங்க கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியா? ஞானஸ்நானம் வாங்கிக்கிறேன்."

ராகேல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "போலாம். காத்து திரும்பட்டும்."

காற்று திரும்பிய காலையில் அவளே படகைத் தள்ளினாள். முகத்துவாரத்தில் இறங்கி மணலில் நடந்தால் கோயில் பக்கம் என்றாள். பெரிய கப்பல் ஒன்று கடலில் நங்கூரம் போட்டு நின்றது. கரையில் ஒரு சிறு படகும், குடைக்கு அடியில் துபாஷியும், நாலைந்து ஆட்களும் தெரிந்தார்கள்.

தெரிந்த முகத்தைக் கண்டதும் சுப்பராயலுவுக்கு உள்ளம் பொங்கியது. மனம் திருந்திய சேதியை முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டுமென்று வேகமாக நடந்தார். "ஐயா, என்னைத் தெரியலையா? நாந்தான் சுப்பராயலு. சாவலை. பொழைச்சு வந்துட்டேன்."

துபாஷி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது அந்தக் கண்களில் தெளிவாகவே தெரிந்தது. பிறகு பார்வை மெல்ல இறங்கி, தோளில் நின்றது, முழங்காலில் நின்றது.

"நல்லாத்தான் நடக்குறான்" என்றார்.

இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் வந்து கையைப் பிடித்தார்கள். சுப்பராயலு திமிறினார். ஊட்டி வளர்த்த தெம்பெல்லாம் காட்டித் திமிறியும் பிடி தளரவில்லை. "ராகேலு, சொல்லும்மா இவங்ககிட்ட" என்று திரும்பிக் கத்தினார்.

துபாஷி இடுப்புப் பையை அவிழ்த்தபடி அவள் பக்கம் திரும்பினார். ராகேல் ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காசு வேணாங்க. இவனை ஏத்திக்குங்க."