ஃபோன் வந்தால் டிவி அலறும்

"சார், நீங்க சொன்னது காதுல சரியா விழலை. பின்னாடி யாரோ சண்டை போடறாங்க போல."

ஃபோனில் பேசியவள், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் நிறுவனத்தில் இருக்கும் பெண். சண்டை போட்டது டிவி விவாதத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேர். அவர்களை அலற விட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருந்தவர் மாமனார்.

"ஒண்ணுமில்லை மேடம், நீங்க கேளுங்க." மாப்பிள்ளை ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டான். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது ஹால் ஜன்னலில் மட்டும்தான்.

"ஸ்டோர்ஸ் மேனேஜரா இருந்திருக்கீங்க. அப்புறம் ஏன் இவ்வளவு இடைவெளி?"

"கம்பெனியையே மூடிட்டாங்க மேடம்."

"எதிர்பார்க்கற சம்பளம்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "முன்னால வாங்கினதுல பாதி குடுத்தாலும் வரேன் மேடம். கொஞ்சம் பாத்து..."

"கேக்கலை சார். சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயமா அது? டிவியில் ஒருவர் மேஜையைத் தட்டினார்.

"சரி சார், இன்னொரு நாள் நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். கூப்பிட மாட்டாள். இப்படிச் சொன்ன யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை.

வேலை போய், வாடகை வீட்டைக் காலி செய்து, மனைவியோடு இங்கே வந்து ஒண்டிய நாளிலிருந்து இதே கதைதான். ஃபோன் மணி அடித்தால் போதும், மாமனார் காதைச் சொறிந்துகொண்டே ரிமோட்டை எடுப்பார். டிவி அலறும். குறைக்கச் சொல்லலாம்தான். சாப்பிடுவது அவர் சாப்பாடு, படுப்பது அவர் வீடு. எந்த வாயால் சொல்வது?

ஃபோனை ஜன்னலிலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் மனைவியிடம் பொருமினான்.

"உங்கப்பா வேணும்னே பண்றாரு."

"ஏங்க, அவருக்குக் காது கேக்காதுன்னு தெரியாதா?"

"அதுக்குத்தானே போன வருஷம் காது மிஷின் வாங்கிக் குடுத்தேன்? குசுகுசுன்னு பேசினாக்கூட கேக்குதுன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாரே. இப்ப மட்டும் எதுக்கு இவ்வளவு சத்தம்? வேலையத்தவன், ஃபோன் பேசி என்ன கிழிக்கப் போறான்னு இளக்காரம்."

"மெதுவா பேசுங்க, அவர் காதுல விழப் போகுது."

"விழட்டும்."

விடுவிடுவென்று ஹாலுக்கு வந்தான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வாயில் வந்தது.

"சோறு போடறோம்கற திமிருதானே மாமா உங்களுக்கு? எனக்கு வேலை கிடைச்சிடக் கூடாது. காலத்துக்கும் உங்க காலடியிலயே கிடக்கணும். அதானே?"

பின்னாலேயே வந்த மனைவி, கேட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவன் கையில் ஃபோன் இல்லை என்பதைக் கவனித்து, டிவியை நிறுத்தினார். முகத்தில் கோபத்தைக் காணோம்.

"பேசி முடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றபடி சட்டைப் பையில் கைவிட்டு, பட்டாணி அளவில் இருந்த காது மிஷினை எடுத்தார்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது.

"அன்னிக்கு ஒரு நாள் நீங்க ஃபோன்ல கெஞ்சினது காதுல விழுந்துடுச்சு. மாமனார் கேக்கற பேச்சா அது? உங்களுக்கு எவ்வளவு சங்கடம். அதான், மணி அடிச்சதுமே இதைக் கழட்டிப் பையில போட்டுடறேன்."

அவனுக்கு அந்த இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. மனைவியின் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

மாமனார் மிஷினைக் காதில் பொருத்திக்கொண்டே கேட்டார்.

"இது இல்லாட்டி, எவ்வளவு சத்தம் வச்சாலும் எனக்கு டிவி சரியா கேக்கறதில்லை. உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவா இல்லையே மாப்பிள்ளை?"